திரை விழும்வரை

லாஸ் ஏஞ்சலஸ் சந்தொன்றின் பின்புறம், பழைய கார் கொட்டகையில் பிள்ளைகள் போடும் ஆட்டத்துக்குப் படுக்கை விரிப்புதான் திரை. அதைத் தூக்கிய கயிற்றை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து நிற்கிறாள் வெர்னா. அவர்களில் ஒருவனான ஆர்லோவை அநாதை விடுதிக்குக் கூட்டிப்போக வந்த மிஸ் கட்லர், "சரி, திரை விழுற வரைக்கும் உட்கார்றேன்" என்று ஆரஞ்சுப் பெட்டிமேல் அமர்ந்திருக்கிறாள். பாட்டு, குட்டிக்கரணம், தொப்பி போட்ட நாயின் வித்தை எல்லாம் தீர்ந்தாயிற்று. நாய்கூட இனி முடியாதென்று படுத்துவிட்டது. வெறும் மேடையில், கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் தூசி மட்டும் ஆடுகிறது. "எவனாவது எதையாவது பண்ணித் தொலைங்கடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுக்கிறாள் வெர்னா. ஒட்டு மீசையோடு ஓடிவரும் ஹோமர் வேண்டுமென்றே தடுக்கி விழுகிறான். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து மறுபடி விழுகிறான். மீசை கழன்று தரையில் கிடக்கிறது. மிஸ் கட்லர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருக்கும் கையுறையை நீவிக்கொண்டே காத்திருக்கிறாள். கயிறு வெர்னாவின் உள்ளங்கையை அறுக்கிறது. கோமாளித் தொப்பியோடு அவளருகில் வந்து நிற்கிறான் ஆர்லோ.

"விட்டுடு வெர்னா, ரத்தம் வருது."

"போடா, ஆட்டம் இன்னும் முடியலை."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான் அவன். விரிப்பு சரிந்து விழுகிறது. முன்வரிசையில், விவரம் தெரியாத வாண்டுகள் கைதட்டுகின்றன.