குனிந்த மேடை

அடிவயிற்றில் ஓட்டையோடு ஒரு போர்க்கப்பல் சாய்ந்து சாய்ந்து துறைமுகத்துக்குள் வந்தது. கப்பல்களைத் தூக்கி நிறுத்திப் பழுது பார்க்கும் மிதக்கும் மேடை, வழக்கம்போல வயிறு நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கீழே இறங்கியது. இறங்கினால்தானே கப்பல் உள்ளே வர முடியும்.

கப்பலோ அதைக் கும்பிடு என்று நினைத்துக்கொண்டது. “இன்னும் குனிடா. எதிரிக் குண்டை வயித்துல வாங்கிட்டு வர்றேன். நாளைக்கு எனக்குப் பதக்கம் குத்தப் போறாங்க.”

“ஆகட்டுங்கய்யா” என்று இன்னும் ஒரு முழம் இறங்கிய மேடைக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. எத்தனை வீராதி வீரர்களின் அடிவயிற்றை அது பார்த்திருக்கிறது.

கப்பல் உள்ளே வந்ததும் மேடை தண்ணீரைத் துப்பிவிட்டு மெல்ல எழுந்தது. பாசியும் சிப்பியும் அப்பிய வயிறு துறைமுகமே பார்க்க வெளியே வந்தது. ஓட்டையில் ஒரு சிவப்புப் பலகை செருகியிருந்தது.

“உங்க எதிரி நல்ல தமிழ்ல எழுதுறானுங்கய்யா” என்றது மேடை. “‘இங்கே பாறை, விலகிப் போகவும்’னு போட்டிருக்கு.”

கப்பலின் குரல் இறங்கிவிட்டது. “அண்ணே, கொஞ்சம் குனியுங்களேன்.”

“குனியறேன் தம்பி. பதக்கம் குத்த வர்றவங்க பார்த்துட்டுப் போகட்டும்.”