ஏழாவது வக்கீல்

"இவரும் வேண்டாம்"னு சொல்லிக்கிட்டே வக்கீல் ஆபீஸை விட்டு வெளியில வந்தார் ஜவுளிக்கடை முதலாளி.

பின்னாலேயே அவர் மனைவி. "ஏங்க, இவருக்கு என்ன குறை?"

"பேசறப்போ கண்ணை மூடிக்கிறார். ஜட்ஜ் முன்னாடி அப்படியே தூங்கிட்டா?"

"நேத்துப் பார்த்தவர்?"

"அவரா? ‘ம்ஹ்ம், இது வந்து, ம்ஹ்ம், பெரிய செக்‌ஷன், ம்ஹ்ம்.’ அவர் கனைச்சு முடிக்கறதுக்குள்ள தீர்ப்பே வந்துடும்."

அச்சு அசலா கனைச்சுக் காட்டினார். வேற நேரமா இருந்தா அவ விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

மகன் உள்ள போய் அன்னிக்கோட பத்து நாள். கடையில சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து, மூட்டை தூக்கற ஆள் ஒருத்தர் செத்துட்டார். மகனையும் லிஃப்ட் ஆபரேட்டரையும் போலீஸ் சேர்த்தே கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. பழுதான லிஃப்ட்டை ஓட்டச் சொன்னது மகனா, இல்லை ஆபரேட்டர் தானாவே ஓட்டினாரா? அதுதான் கேஸே. மாட்டினவருக்குப் பத்து வருஷம். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் தப்பிக்க முடியும்.

"கத்திரிக்காய் வாங்கப் போனாலும் இதே கூத்துதான். கடை கடையா ஏறி அமுக்கிப் பார்த்துட்டு வெறுங்கையோட வருவீங்க. இது பெத்த புள்ளைங்க. யாராவது ஒருத்தருக்கு வக்காலத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன்."

"இன்னும் ஒரே ஒருத்தர் பாக்கி. பார்த்துட்டு வந்துடலாம்."

இந்த மாதிரிக் கேஸை எடுத்து நடத்தற பெரிய வக்கீல்னா ஊர்ல மொத்தமே ஏழு பேர்தான். ஏழாவது ஒரு பெண் வக்கீல். அவங்க கேள்வி கேட்டா, பொய் சொல்றவன் தன் சட்டைப் பட்டனைத் தானே திருகிப் பிச்சுடுவான்னு பேச்சு.

ஆபீஸ் மூணாவது மாடி. கீழே லிஃப்ட் கதவுல ஒரு பலகை தொங்குச்சு. ‘ஓடாது.’

முதலாளி அதைப் பார்க்காத மாதிரி படியேறினார். அவளால அப்படி ஏற முடியலை.

மேலே குமாஸ்தா ஒரு டோக்கனை நீட்டினார். பதினொண்ணு. பெஞ்சில உட்கார்ந்ததும் அவ மறுபடி ஆரம்பிச்சா.

"இவங்களையாவது குறை சொல்லாதீங்க. இன்னிக்கே கையெழுத்துப் போட்டு முடிச்சுடுங்க."

முதலாளி சுத்தும் முத்தும் பார்த்துட்டு அவ காதுப் பக்கம் குனிஞ்சார்.

"கையெழுத்து எப்பவோ போட்டாச்சு. முதல்ல பார்த்தோமே, அவருக்கு. மறுநாளே நான் தனியா போய்ப் போட்டுட்டு வந்துட்டேன்."

"அப்ப மத்த அஞ்சு பேர்கிட்ட எதுக்கு ஏறி இறங்கினோம்?"

"நம்ம கதையைக் காதுல வாங்கிட்டாங்கன்னா, அப்புறம் ஆபரேட்டர் பக்கம் நிக்க மாட்டாங்க. நிக்கக் கூடாது. அது அவங்க தொழில் தர்மம்." தர்மம்னு சொல்றப்போ அவர் குரலே கொஞ்சம் கம்மிடுச்சு. "அவனுக்கு நல்ல வக்கீல் கிடைச்சா நம்ம புள்ளை வெளியில வர மாட்டான். அவ்வளவுதான்."



போன வாரம் ஜெயில்ல, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு மகன் அவகிட்ட மட்டும் சொன்னது ஞாபகம் வந்துச்சு. "ஆபரேட்டர் ‘ஓடாது’ன்னு பலகை மாட்டியிருந்தார்மா. கழட்டினது நான்தான்."

‘எந்திரிங்க, போயிடலாம்’னு வாய் வரைக்கும் வந்துச்சு.

"பதினொண்ணு"ன்னார் குமாஸ்தா.

எந்திரிச்சா. கதவைத் தள்ளிக்கிட்டு முதல்ல உள்ள போனது அவதான்.

முதலாளி கதையைச் சொன்னார். வக்கீல் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "லிஃப்ட்ல எச்சரிக்கைப் பலகை ஏதாவது இருந்துச்சா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

வக்கீல் அவ பக்கம் திரும்பினாங்க. அவ கைப்பை வாரைத் திருகிக்கிட்டே, "இல்லைங்க"ன்னா.

"யோசிச்சுச் சொல்றோம்"னு முதலாளி கும்பிடு போட, வெளியில வந்துட்டாங்க.

ரெண்டாவது மாடிப் படியில எதிர்க்க ஏறி வந்தது ஆபரேட்டர் சம்சாரம். கையில ஒரு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள நாலைஞ்சு காகிதம். இவங்களைப் பார்த்ததும் சுவத்தோட ஒட்டி நின்னு வழி விட்டா.

"நீங்களும் இங்கதான் இருக்கீங்களாம்மா?" மூச்சு வாங்கிச்சு. "போற எடமெல்லாம், அய்யா முன்னாடியே வந்து பேசிட்டுப் போயிட்டாரு, இனி நாங்க எடுத்துக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிடறாங்க. மொதல்ல ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் வெளங்குச்சு."

முதலாளி கார் சாவியைத் தேடற மாதிரி பாக்கெட்டைத் தடவினார். சாவி கையிலேயே இருந்துச்சு.

"என்ன வெளங்குச்சு?"ன்னு கேட்டா அவ.

"எங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் அய்யா அலையறாருன்னு. அவரும் உள்ளயிருந்து அதையேதான் சொல்றார். ‘மொதலாளி கைவிட மாட்டார்’னு." மேலே அண்ணாந்து பார்த்தா. "இந்த வக்கீலம்மா எப்படிம்மா? நல்லாப் பேசுவாங்களாமே?"

அவ படியையே பார்த்துக்கிட்டுச் சொன்னா. "சரிப்பட மாட்டாங்க. மேஜை ஆடுது."

முதலாளி சட்டுனு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ஆபரேட்டர் சம்சாரம் சரின்னு தலையாட்டிட்டு, மேலே வச்ச காலைக் கீழே எடுத்தா.

"அப்ப நான் ஏறலைம்மா. அய்யா யாரை வக்கீலா பிடிக்கிறாரோ, அவரே எங்களுக்கும் இருக்கட்டும்."