இருபத்தெட்டுப் பாகை

தேனுஜனின் படகு அனலைதீவுப் பக்கம் கவிழ்ந்து நாற்பது நாளாகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அவன் மனைவி பிரியவதனி சம்மதிக்கவில்லை. தினமும் மத்தியானம் அவனுடைய கேமிங் கணினியை ஓடவிட்டாள். அவன் வரும்போது அது பழுதாகிக் கிடக்கக் கூடாது.

ஆனால் அதன் கிராபிக்ஸ் கார்டு எண்பத்தேழு பாகைக்குக் கொதித்து, கணினி தானாக நின்றது. தண்ணீரால் குளிரூட்டலாமா? தேனுஜனே ஒரு வருடமாக முடிவெடுக்காமல் இழுத்த கேள்வி அது.

கணினி திருத்தும் ஹரிஷன் நாரந்தனையிலுள்ள அவள் வீட்டுக்கு வந்து பார்த்தான்.

"தண்ணிக் கூலிங் பூட்டலாம் அக்கா. உங்கடை கிணத்துத் தண்ணியை மட்டும் விட்டிடாதேங்கோ. அந்த உப்புக்கு ஒரு கிழமை தாங்காது."

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி."

வியாழக்கிழமை அவளே அழைத்தாள். "கார்டின்ரை சூடு இருபத்தெட்டு எண்டு காட்டுது."

"அறையே முப்பத்திநாலு அக்கா. வெறும் ஃபேனாலை அதை விடக் குளிராக்க ஏலாது. பிழையாக் காட்டுது."

மறுபடி வந்து பெட்டியைத் திறந்தான். ஃபேன் சுற்றவில்லை. கார்டு முழுவதும் நனைந்திருந்தது. திரையில் விளையாட்டு தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹரிஷன் ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"கிணத்துத் தண்ணி விட்டனீங்களோ?"

"இல்லை."

"இது கிணத்து உப்பில்லை அக்கா. கடல் தண்ணி. கடலின்ரை சூடும் இப்ப இருபத்தெட்டுத்தான்."

பிரியவதனி கார்டின் மேல் கையை வைத்தாள். பிறகு ஈரக் கையோடே கோயில் ஐயருக்கு அழைத்தாள்.

"அந்தியேட்டிக்கு நாள் பாருங்கோ ஐயா."