மிளகாய்ப் பாத்தி மேல் விழுந்த நிழல்

பிளவ்திவ் நகரத்து ஓரத்தில் அப்பா ஸ்தாமென் வைத்திருக்கும் தோட்டத்துக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தாள் ராதோஸ்தினா. பக்கத்தில் எழும்பியிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் நிழல் பாத்தி முழுக்கக் கன்னங்கரேலென்று கிடந்தது. செப்டம்பர் பிறந்தும் மிளகாய் சிவக்கவில்லை.

"இந்த வருஷம் சுட்டு, குளிர்காலத்துக்கு ஊறப்போட ஒண்ணும் தேறாதும்மா," என்றார் அப்பா.

கட்டட கம்பெனி அக்கம்பக்கத்தாரிடம் சம்மதம் வாங்குவதற்காக, அன்று வரப்போகும் கட்டடத்தையும் இந்தத் தோட்டங்களையும் கம்ப்யூட்டரில் தத்ரூபமான படமாக உருவாக்கிக் கொடுத்தவள் ராதோஸ்தினாதான். "நிழலைப் பார்த்தா பயமா இருக்கு, ஓரத்தைக் கரைச்சு லேசாக்கு" என்றார் அவளுடைய மேலாளர். ஒளி தரும் வட்டம் பெரிதானால் நிழலின் ஓரம் மங்கும் என்பதால், படத்துச் சூரியனை நிஜத்தைவிடப் பல மடங்கு பெரிதாக்கினாள். நிழல் புகைபோல மெலிந்தது. அப்பாவின் பாத்தியும் அதற்குள் இருக்கிறது என்று தெரிந்தேதான் செய்தாள்.

இனியும் மறைக்க முடியவில்லை.

"அப்பா, அந்தப் படத்துல நிழலை மெலிசாக்கினது நான்தான். அதை நம்பித்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

அப்பா நிமிர்ந்தார்.

"முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான். பன்னிரண்டு மாடியோட நிழல் எங்க விழும், எப்படி விழும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்ப்பா போட்டீங்க?"

"படத்துக்குக் கீழ மூலையில, பொடி எழுத்துல உன் பேர் இருந்துச்சும்மா. நீ வேலைக்குச் சேர்ந்து செஞ்ச முதல் படம். அதைப் பொய்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"