விரால் வாய் திறந்த காரணம்

ஏரிக்கரைப் புல்லில் துடித்துக்கொண்டிருந்த தாய் விராலைப் பார்த்துத் தூண்டில் கம்பு சிரித்தது. "போயும் போயும் ரப்பர் தவளைக்கா வாயைத் திறந்தாய்? அவ்வளவு பசியா தாயே?"

"பசியா? என் குஞ்சுகளுக்கு நடுவில் வந்து விழுந்தது. கடித்து விரட்டத்தான் பாய்ந்தேன்!"

"மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் கதை சொல்வார்கள்."

விராலின் வாயில் தூண்டில் முள்ளோடு கிடந்த ரப்பர் தவளைக்குப் பொறுக்கவில்லை. "கதையா? ஏரி முழுக்கத் தண்ணீர் கிடக்க, சிவப்பாகக் குஞ்சுகள் மொய்த்த இடமாகப் பார்த்துத்தானே என்னை எறிந்தாய்? பசித்த மீனை அங்கேயா தேடுவாய்?"

கம்பு விராலின் வாயிலிருந்து தவளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தது. குஞ்சுகளை நெருங்கிய கெளுத்தி ஒன்றை இன்னொரு விரால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

"அதோ, அப்பன்காரன்!" என்ற கம்பு, தவளையை மறுபடியும் குஞ்சுகளின் நடுவில் எறிந்தது.