மாடியில் புகையிலை

கணவன் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் ஹேமலதா மொட்டை மாடியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி போன் பண்ணி இதைச் சொன்னபோது வெற்றிவேல் முதலில் நம்பவில்லை.

"துணி எடுக்கப் போனேன் தம்பி. என் கண்ணால பார்த்தேன். உங்க அண்ணி கையில சுருட்டு" என்றாள் அவள். முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவே இதைப் பற்றித்தான் பேசுகிறதாம்.

அன்று சாயங்காலமே லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிட்டான். அம்மா படுத்திருந்த அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே மாடி ஏறினான்.

அஞ்சலாட்சி சொன்னது பொய்யில்லை. தகரக் கூரைக்குக் கீழே கயிற்றில் புகையிலை தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் பழைய பெயின்ட் டப்பாக்களில் புகையிலைச் செடிகள் தளதளவென்று நின்றன. ஹேமலதா மடியில் பலகையை வைத்துச் சுருட்டு ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி இது? அண்ணன் போனதுக்கு நீங்க பண்ற மரியாதையா?"

அவள் கோபப்படவில்லை. "உக்காருங்க தம்பி" என்றாள்.

செடிகள் அவன் அண்ணன் எழிலரசன் வளர்த்தவை. கடைச் சுருட்டு அவனுக்குப் பிடிக்காது. விதை தூவி, நாற்று எடுத்து நட்டு, பூ விடாமல் நுனி கிள்ளி, இலையைக் காயவைத்துக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, தனக்கு வேண்டிய சுருட்டைத் தானே சுருட்டிக்கொள்வான். கம்பெனியிலிருந்து வந்ததும் மாடியில் உட்கார்ந்து ஒன்று பற்றவைத்தால்தான் அவனுக்குப் பொழுது சாயும்.

அம்மா செல்வாம்பாளுக்கு அது ஆகாது. புருஷனைப் புகைக்கே பறிகொடுத்தவள். மகனிடம் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள். அவன் ஒரு நாள் வாய் தவறி ஏதோ சொல்லிவிட, அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேரும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மாடியிலிருந்து சுருட்டு வாசனை முற்றம் வழியாக இறங்கி வந்த பிறகுதான் அவள் சோற்றில் கை வைப்பாள். மகன் வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்பதற்கு அவளுக்கு அதுதான் அடையாளம்.

இடுப்பெலும்பு முறிந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் பைபாஸில் எழிலரசனை லாரி அடித்தது. அம்மா தாங்கமாட்டாள், சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவனே வெற்றிவேல்தான். காரியமெல்லாம் லாஸ்பேட்டை வீட்டிலேயே முடிந்தது. பேச்சுவார்த்தை இல்லாத மகன் முகம் காட்டாததை அம்மா கேட்கவும் இல்லை. கண் பார்வையும் மங்கிப்போய், அவள் படுத்த படுக்கையாகவே இருந்தாள்.

"வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அத்தை சாப்பிடவே இல்ல" என்றாள் ஹேமலதா. "எனக்குக் காரணம் புரிஞ்சுது. அவர் சுருட்டி வெச்சிருந்ததுல ஒண்ண எடுத்துப் பத்தவெச்சேன். அன்னிக்குத்தான் வாயத் தொறந்தாங்க."

அது தீர்ந்ததும் பெரிய மார்க்கெட் பக்கம் போய்க் கடைச் சுருட்டு வாங்கி வந்திருக்கிறாள். அந்த வாசனை வந்த அன்று செல்வாம்பாள் தட்டைத் தள்ளிவிட்டாளாம். அப்புறம்தான், வாடிக் கிடந்த அவன் செடிகளுக்கு ஹேமலதா தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். அவன் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே.

"ஊரு பேசுறது எனக்கும் தெரியும் தம்பி. மொதல்ல அத்தைக்காகத்தான் பத்தவெச்சேன். இப்ப அந்த வாசனை வந்தா, அவர் எனக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தா போயிடும்."

வெற்றிவேலால் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கிப் போய் அம்மாவின் கட்டில் அருகில் உட்கார்ந்தான். காலடிச் சத்தத்திலேயே அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். பிள்ளைகளை விசாரித்தாள். மாடியிலிருந்து இருமல் கேட்டது.

"அவளுக்கு அது ஒத்துக்கல வெற்றி" என்றாள் செல்வாம்பாள்.

"யாருக்கும்மா?"

"உங்க அண்ணிக்குத்தான்."

அவன் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"எழிலு போயிட்டான்னு எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு அவ எனக்குச் சோறு ஊட்ட வந்தா. கையில வளையல் சத்தமே இல்ல. அப்புறம் எப்படிச் சோறு எறங்கும்?"

அவன் கட்டிலை இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டான்.

"அந்த வாசனைக்கு நானும்தான் காத்துக்கிட்டுக் கெடக்கேன். பேசாமலே அனுப்பிட்டேனே அவன. ஆனா அதுக்காக மட்டும் இல்ல. புள்ள குட்டியும் இல்லாதவ. எனக்காகன்னுதான் அவ காலையில எழுந்திரிக்கிறா. செடிக்குத் தண்ணி ஊத்துறா. நான் சாப்பிட்டாதான் அவளும் ரெண்டு வாய் சாப்பிடுறா. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்னா, அவ எதுக்குடா மாடி ஏறப் போறா?"

முற்றம் வழியாகச் சுருட்டு வாசனை இறங்கி வந்தது. செல்வாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாடிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஹேமா, எழிலு வந்துட்டான் போலருக்கு. கீழ வந்து சோறு போடும்மா."