அந்த மேஜைக்குப் போன தட்டு

விமரிசகர் முள்கரண்டியை எடுப்பதற்குள் அவர் மனைவியின் கை தட்டுக்குள் போய்விட்டது.

சோள ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து, மேலிருந்த மீனோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். பிறகுதான் தட்டு கணவர் பக்கம் நகர்ந்தது.

"காணாததைக் கண்ட மாதிரி அள்ளுது பாருங்க," என்றார் சூப்பர்வைசர், சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி. "மனுஷன் தொடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எச்சில் பண்ணிடுது."

செஃப்புக்கு வேறு கவலை. விமரிசகரின் கட்டுரை வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வரும். அதில் ஒரு வரி கோணலாக வந்தாலும் சமையலறைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று முதலாளி மதியமே சொல்லியிருந்தார். சொல்லும்போது சிரித்தார் வேறு.

மெக்சிகோ உணவுக்கு நகரத்தில் பெயர் வாங்கிய இடம் அது. பூசாத சிமெண்ட் சுவர், மேஜைக்கு மேஜை தாழத் தொங்கும் விளக்கு, மூலைக்கு மூலை கள்ளிச்செடி. வந்தவர் கண்ணெதிரிலேயே கல்லுரலில் அவகாடோ இடித்துக் கொடுப்பார்கள். இடிக்கிற சத்தத்துக்கும் சேர்த்துத்தான் பில்.

செஃப் மேஜைக்குப் போய் வணக்கம் சொன்னாள். விமரிசகர் அவகாடோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மண்ணின் ஞாபகம், கல்லின் பொறுமை என்றெல்லாம் போயிற்று. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். விமரிசகர் பேசி முடிப்பதற்குள் மனைவி கிண்ணத்தை வழித்துவிட்டாள்.

"இவளைக் கண்டுக்காதீங்க," என்றார் விமரிசகர். "இவளுக்கு எல்லாம் ஒண்ணுதான். வீட்டுல மீந்துபோனதை வெச்சாலும் இப்படித்தான் சாப்பிடுவா. நாக்குங்கறது எல்லாருக்கும் வாய்ச்சுடறதில்லை பாருங்க."

சூப்பர்வைசர் பெரிதாகச் சிரித்தார். செஃப்பும் சிரித்துவைத்தாள். அந்த அம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு ரொட்டி கிடைக்குமா என்று கேட்டாள்.

அடுத்தது மோலே. வறுத்த மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்புக் குழம்பு, நடுவில் சுட்ட கோழி. அங்கே வருகிறவர்கள் அதற்காகத்தான் வருவார்கள்.

சமையலறையில் எல்லாருக்கும் அந்தத் தட்டின்மேல் தனி அக்கறை. கோழியைச் சுட்டவன், பெரிய மனுஷருக்காச்சே என்று உப்பைத் தாராளமாகத் தடவினான். குழம்பைச் சூடு பண்ணினவன் தன் பங்குக்கு அள்ளிப் போட்டான். கடைசியில் செஃப், யாரையும் நம்பாமல், தன் கையாலேயே போட்டுக் கலக்கி அனுப்பினாள்.

தட்டு போன பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீ போட்டியா?"

"போட்டேன் மேடம்."

"நீ?"

"நானும்தான் மேடம்."

செஃப் மேஜைக்கு ஓடினாள். மனைவி அங்கே இல்லை. மகளிடமிருந்து போன் வந்து, வாசல் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். விமரிசகர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் பாதி காலி.

"சார், அந்தத் தட்டை மட்டும்..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கண்ணை மூடியிருந்தார்.

"பேசாதீங்க. என்ன ஒரு அடக்கம். உப்பு இருக்கற இடமே தெரியலை. கைப்பக்குவம்னா இதாம்மா."

கிண்டல் பண்ணுகிறாரோ என்று செஃப் அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. இன்னொரு துண்டைக் குழம்பில் புரட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா," என்று சூப்பர்வைசர் அவள் காதோடு சொன்னார். "அந்தம்மா குறுக்க இல்லைன்னா மனுஷன் எப்படி ரசிக்கிறார்."

மனைவி திரும்பி வந்தாள். உட்காருவதற்கு முன்பே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். தாடை ஒரு கணம் நின்றது. பிறகு விழுங்கினாள். கணவரைப் பார்த்தாள். மேலங்கியின் நுனியைக் கசக்கிக்கொண்டு நின்ற செஃப்பைப் பார்த்தாள்.

"பிரமாதம் இல்லை?" என்றார் கணவர்.

"ம்," என்றவள், அவர் டம்ளர் நிறையத் தண்ணீரை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். மீதிக் கோழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதையும் விட மாட்டா," என்று விமரிசகர் பொதுவாகச் சொல்லிச் சிரித்தார்.

முதலாளி வந்து சேர்ந்தார். கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி விமரிசகரோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். விமரிசகர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சூப்பர்வைசர் விளக்கைத் தூக்கிப் பிடிக்கப் போனார்.

மேஜையருகில் செஃப்பும் அந்த அம்மாளும் மட்டும் இருந்தார்கள்.

"மேடம், உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் செஃப். "வீட்டுக்குப் போய் சார்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் எழுதறதுலதான் என் வேலையே இருக்கு."

அந்த அம்மாள் படம் எடுக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அவர்கிட்ட எதுக்குச் சொல்றேன்? பதறாதே கண்ணு. நான் எழுதும்போது மீனோட நிறுத்திக்கறேன்."